விக்கலுக்குத் தண்ணீர் யார் கொடுப்பது?

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். "பதின்ம வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஆளாக்குவது பாடப்புத்தகமா, கூட்டாளிகளா?" கூட்டாளிகளே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஒரு வார்த்தை சொல்லிப் பெரிய கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். "வகுப்பில் கதைத்துக்கொண்டிருந்தவன் எல்லாம் இன்றைக்குக் திருகோணமலைக் கடற்கரையில் கச்சான் (வேர்க்கடலை) விற்கிறான்" என்றார். அதற்கு வருகிறேன். முதலில் ஒரு விக்கல் கதை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். அந்த ஜனவரியில்தான் ஒரு கூட்டம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டுக்கு வந்திருந்தார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து, புதுச் சப்பாத்து, புதுப் பள்ளிக்கூடம். பக்கத்து வாங்கில் இருப்பவனின் பெயர் பிடிபடுவதற்குள் கேற் பூட்டியாயிற்று. திறப்பதும் பூட்டுவதுமாகக் காலம் போய், 2021 கடைசியில் ஒழுங்காகத் திரும்பி வந்தபோது அவர்கள் ஏழாம் ஆண்டு. நான்தான் வகுப்பாசிரியர்.

உள்ளே போகிறேன், சத்தமே இல்லை. இருபது வருடமாக "சத்தம் போடாதே" என்று மேசையில் தட்டிய கைக்கு அன்றைக்கு வேலையில்லை. சந்தோசமாக இருந்திருக்க வேண்டும், பயமாக இருந்தது. முப்பது பிள்ளைகள், முப்பது முகக்கவசம். ஒருவரை ஒருவர் பார்க்கவே கூச்சம்.

அப்போது கடைசி வாங்கில் ஒரு "விக்!"

யாரும் சிரிக்கவில்லை. நன்றாகக் கேளுங்கள் ஐயா, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஒருவனுக்கு விக்கல் எடுக்கிறது, யாரும் சிரிக்கவில்லை! மறுபடி "விக்!" ஏற்கெனவே மூடிய வாயை அவன் கையாலும் பொத்துகிறான். மூன்றாவது "விக்!" வாங்கையே ஆட்டியது. முன் வாங்குப் பிள்ளை ஒருத்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பின்னால் நீட்டினாள். எதையும் பகிரக் கூடாது என்பது அந்த நாள் கட்டளை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். போத்தல் கைமாறிக் கைமாறிப் போகிறது. "அண்ணாந்து குடி" என்று ஒரு குரல். அவன் முகக்கவசத்தை நாடிக்கு இழுத்துவிட்டு அண்ணாந்தான்.

மீசை!

பால் முகத்தோடு வீட்டுக்குப் போன பையனுக்கு மேலுதட்டில் பென்சிலால் கீறினது போல அரும்பு மீசை. "டேய், இவனுக்கு மீசை வந்திட்டுதடா!" வகுப்பு வெடித்தது. அவனுக்குப் புரையேறி, தண்ணீர் மூக்கால் வந்து, விக்கல் நின்றது. அப்புறம்தான் ஐயா விசேஷம். பையன்கள் ஒவ்வொருவனாக முகக்கவசத்தை இறக்கித் தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்தான்!

உடம்பு மாறுவதைப் பற்றிப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. "எனக்கு மட்டுமா இப்படி?" என்று தவிக்கிற பிள்ளைக்கு விடை பக்கத்து வாங்கில்தான் இருக்கிறது. மூளையில் நிதானத்துக்கான பகுதி இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறதாம். அந்த நிதானத்தைச் சண்டை பிடித்து, கோபம் போட்டு, மறுநாள் நேசமாகித்தானே பழக வேண்டும்?

சரி, கச்சானுக்கு வருகிறேன். பின்னேரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். நம் ஊர் மான்கள் ஒரு பக்கம் நிற்கும். கச்சான்காரர் கடதாசியைச் சுருட்டிக்கொண்டே ஒருவரைத் தமிழில் கூப்பிடுவார், அடுத்தவருக்குச் சிங்களத்தில் விலை சொல்வார், வெள்ளைக்காரரை இங்கிலீசில் நிறுத்துவார். அழுகிற குழந்தையின் கையில் நாலு கச்சான் வைத்துவிட்டுத்தான் தாயிடம் பேசுவார். முகம் பார்த்து நடக்கிற இந்தப் படிப்பு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளை நேர்முகத் தேர்வில் தலை நிமிராமல் நின்றதை நான் கண்டிருக்கிறேன். உழைத்துச் சாப்பிடுகிற மனிதரின் தொழிலைச் சொல்லி நீங்கள் கைதட்டல் வாங்கினீர்களே, அவரும் ஒருவருடைய வகுப்புக் கூட்டாளிதான்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரு நிமிடம்.

நம் ஊருக்கு அக்கரையில் இருக்கும் கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல். அதற்கு முன் பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரைக்குப் போகும் மிதவை. நானும் என் கூட்டாளியும் அதில் ஏறித்தான் பள்ளிக்கூடம் வந்தோம். நான் தமிழ்ப் பிள்ளை, அவன் முஸ்லிம். உப்பும் தூளும் தொட்ட கொய்யாக்காய் ஒன்றை இரண்டாகக் கடிப்பான். பெரிய பாதி எனக்கு. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மறுபடி தொடங்கியது. பள்ளிக்கூடம் மூடியது. நாங்கள் ஒரு திசை, அவர்கள் ஒரு திசை. பிறகு அவனை நான் காணவேயில்லை. அந்த வருடம் படித்த பாடம் ஒன்றுகூட நினைவில் இல்லை. பெரிய பாதியை நீட்டுகிற அந்தக் கை நினைவிருக்கிறது.

விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பார் அம்மா. போன கிழமை எனக்கு விக்கல் எடுத்தது. மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் குடிக்காமல் இருந்தேன் ஐயா. வணக்கம்.