டீசல் பம்ப்பக் கழட்டச் சொன்னாங்க, நான் லெவல் டியூப் வாங்கினேன்! | தலவாக்கலை – நானுஓயா ஏத்தம்

வணக்கம் உறவுகளே. மொதல்ல நம்ம ஜீப்போட இந்த எஞ்சின் சத்தத்தக் கேளுங்க. போனை கிட்டக் கொண்டு போறேன்... கேக்குதா? ஒரே சீரா நிக்குது. போன வீடியோவுல இதே எடத்துல, இதே தொங்கல் லயத்துக்கு (தோட்டத்து வீட்டு வரிசைக்கு) முன்னால நின்னு, ஜீப் ஏத்தத்துல தொய்யுதுன்னு எவ்வளவு நொந்து பேசினேன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். இன்னைக்கு நிம்மதியா பேசுறேன்.

நம்ம ஜீப்பப் பத்தி உங்களுக்கு நான் திரும்பச் சொல்லத் தேவையில்ல. 96ஆம் வருசத்து வண்டி, 2.8 டர்போ டீசல், எஞ்சினுக்கு டீசல் அனுப்புறது கம்பியூட்டர் எதுவும் இல்லாத பழைய மெக்கானிக்கல் பம்ப். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுல இருந்து பழைய ஜீப்புக்கெல்லாம் வெல மேல ஏறிருச்சு. 2025 பெப்ரவரியில தனியார் வாகனத்துக்குத் திறந்து விட்டாங்கதான், ஆனா நம்ம கைக்கு எட்டுறது இன்னும் பழசுதான். அதனால இருக்கிறத ஒழுங்கா வெச்சிருக்கணும்.

பிரச்சினை என்னன்னா, சம ரோட்டுல ஒன்னுமே தெரியாது. லிந்துலை தாண்டி நானுஓயாவுக்கு ஏறும்போதுதான் வேலையக் காட்டும். மூனாவது கியர்ல நல்லா இழுத்துட்டு வரும், திடீர்னு யாரோ பின்னால நின்னு சட்டையப் புடிச்சு இழுக்கிற மாதிரி ஒரு தொய்வு. எக்ஸிலேட்டர அமத்தினாலும் அசையாது. ரெண்டு செக்கன்ல மறுபடி பாயும். மறுபடி தொய்வு. பின்னால தேயிலைக் கொழுந்து லொறி வந்தா என்ன நெலமைன்னு யோசிச்சுப் பாருங்க.

ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். பொனட்டத் திறந்தாரு, ரெண்டு தடவ ரேஸ் பண்ணினாரு, "பம்ப் முடிஞ்சுது தம்பி, கழட்டி ஓவரோல் பண்ணணும், 185,000 ரூபா வரும்"னு சொல்லிட்டாரு. அஞ்சு நிமிசம்! ஒரு குழாயத் தொட்டுப் பாக்கல்ல, ஒரு கிளிப்ப அசைச்சுப் பாக்கல்ல. எனக்கு உலகத்துலயே புடிக்காத விஷயம் இதுதான். ஒன்னையும் சோதிக்காம பெரிய சாமானக் கழட்டச் சொல்றது. எங்க அப்பா 30 வருசம் தோட்டத்து லொறி ஓட்டின மனுசன். அவர் இதக் கேட்டதும் கேட்ட ஒரே கேள்வி: "காலையில ஸ்டார்ட் பண்ணும்போது வண்டி மேல பாத்து நின்னுச்சா, கீழ பாத்து நின்னுச்சா?"

யோசிச்சுப் பாத்தேன். உண்மையாவே மூக்கு மேல பாத்து நிப்பாட்டின காலையெல்லாம் ரொம்ப நேரம் சுத்தித்தான் புடிக்கும், புடிச்சதும் வெள்ளப் புகை. கீழ பாத்து நிப்பாட்டினா ஒரே சாவி. நான் குளிருன்னு நெனச்சு, ஸ்டார்ட் பண்ண எஞ்சின சூடாக்குற ஹீட்டர் பிளக்க மாத்தினேனே, அந்த வீடியோ ஞாபகம் இருக்கா? அந்தக் காசு வீண். மேல பாத்து நின்னா டேங்க் கீழ போயிரும், லைன்ல எங்கயாவது காத்துப் போற வழி இருந்தா ராவெல்லாம் டீசல் பின்னால டேங்குக்கே எறங்கிரும். காலையில பம்ப்புக்குக் கெடைக்கிறது காத்து. அப்பா இத ஒரு கேள்வியில புடிச்சிட்டாரு.

இரண்டாவது, புகையப் பாருங்க. நான் கேமராவ பின்னால கட்டி எடுத்தேன். தொய்வு வரும்போது சைலன்சர்ல கறுப்புப் புகை வந்தா, டீசல் போகுது, காத்துப் பத்தல்லைன்னு அர்த்தம். எஞ்சினுக்குள்ள காத்த அமத்தி அனுப்புற டர்போவோட குழாய் வெடிச்சிருக்கும், இல்லாட்டி எயார் பில்டர் அடைச்சிருக்கும். நம்ம பக்கம் அதுக்கு வாய்ப்பு இன்னும் கூட, நுவரெலியா 1868 மீற்றர் உயரம், கடல் மட்டத்து காத்தழுத்தத்துல 80 வீதம்தான் அங்க இருக்கு. டர்போ கொஞ்சம் சோர்ந்தாலே உடனே தெரியும். ஆனா நம்ம ஜீப்புல தொய்வு நேரம் புகையே இல்ல. சுத்தம். அப்ப கொறையுறது டீசல். இது தெரிஞ்சதுமே பாதி வேலை முடிஞ்சுது.

டேங்க் மூடியத் திறந்து வெச்சு ஒரு தடவ ஏறிப் பாத்தேன், மூச்சு விடுற ஓட்டை அடைச்சிருந்தா அதுல சரியாகும். மாற்றமே இல்ல. சரி, அடுத்தது.

இப்ப லெவல் டியூப் கதை. இத நான் சொல்லியே ஆகணும். மேசன்மார் செவுரு மட்டம் பாக்குற அந்த உள்ள தெரியுற பிளாஸ்டிக் டியூப்தான். பம்ப்புக்குள்ள டீசல் போற வாயில, ரப்பர் குழாய்க்குப் பதிலா இத மாட்டினா உள்ள போறது டீசலா காத்தான்னு கண்ணால பாக்கலாம். எனக்குத் தேவை ஒரு அடி. கடையில "5 அடிக்குக் கொறைய வெட்ட மாட்டோம்". ஏன்யா? கத்தி உங்க கையிலதானே இருக்கு? கெஞ்சிப் பாத்தேன், நடக்கல்ல. அடி 110 ரூபா, 550 குடுத்து வாங்கிட்டு வந்து மாட்டினா பெருசு! 10 மில்லிமீற்றர். நம்ம பம்ப்பு வாய் 8 மில்லிமீற்றர். கிளிப்ப இறுக்கி மாட்டி ஸ்டார்ட் பண்ணினா ஒரே குமிழி. கண்டுபுடிச்சிட்டேன்னு சந்தோசத்துல கத்தினேன், அப்பா வந்து பாத்துட்டு, "அது நீ மாட்டின எடத்துலயே இழுக்குதுடா"ன்னாரு. சரிதான். பொருந்தாத டியூப்ப மாட்டினா சோதனையே பொய் சொல்லும். மறுபடி டவுனுக்கு எறங்கி வேற கடையில 8 மில்லி வாங்கினேன், அங்கயும் 5 அடி, அடி 90, 450 ரூபா. மாட்டும்போது நுனிய சுடுதண்ணியில ஒரு நிமிசம் முக்கி எடுங்க, இளகி இறுக்கமா ஏறும். ஆனா அத நிரந்தரமா விட்டுறாதீங்க, டீசல்ல நாளாக நாளாக காஞ்சு வெறைச்சுப் போயிரும்.

இப்ப பாருங்க, இது அன்னைக்கு எடுத்த கிளிப். ஐடில்ல மஞ்சளா டீசல், அமைதியா போகுது. ரேஸ் பண்றேன், நிமிசத்துக்கு எஞ்சின் சுத்து 2000... 2500... அந்தா! கடுகு கடுகா குமிழி, அப்புறம் ஒன்னா சேர்ந்து விரல் நீளத்துக்கு ஒரு காத்துக்கட்டி டியூப் வழியா ஓடுது. அது பம்ப்புக்குள்ள போன அடுத்த நொடி எஞ்சின் தொய்யுது. சத்தத்தக் கேட்டீங்களா? ரோட்டுல வர்ற அதே தொய்வு.

நெறைய பேர் கேக்குறது, "காத்துப் போற ஓட்டை இருந்தா டீசல் வெளிய ஒழுகணுமே, கீழ ஈரமே இல்லையே"ன்னு. செவ்விளநியில ஸ்ட்ரோ போட்டுக் குடிக்கும்போது ஸ்ட்ரோ கிழிஞ்சிருந்தா இளநி வெளிய ஒழுகுமா? ஒழுகாது. வாய்க்கு காத்துதான் வரும். இந்தப் பம்ப்பும் டேங்குல இருந்து உறிஞ்சித்தான் எடுக்குது. அதனால அந்தப் பக்கத்து ஓட்டை ஈரமே காட்டாது.

ஆ, ஒன்னு விட்டுட்டேன். கராஜுக்குப் போறதுக்கு முன்னாலயே டீசல் பில்டர மாத்தினேன். ரெண்டு நாள் அருமையா ஓடிச்சு, மூனாம் நாள் பழைய குருடி. அப்ப எனக்கு வெளங்கல்ல, இப்ப வெளங்குது. புது பில்டர்ல டீசல் லேசா போகும், பம்ப் பலமா உறிஞ்சத் தேவையில்ல, அதனால காத்தையும் கம்மியா இழுக்கும். ஆனா அந்தப் பில்டர் ரெண்டு நாள்ல கறுத்துப் போச்சு, அதுக்குக் காரணம் டேங்க். இந்த ஜீப்ப எனக்கு வித்தவர் 2022 தட்டுப்பாட்டு நேரம் பீப்பாயில டீசல் சேத்து வெச்சு ஊத்தியிருக்காரு. பீப்பாயில தண்ணி வேர்த்து எறங்கும், தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவுல கிருமி வளர்ந்து சளி மாதிரி படியும். அந்தச் சளிதான்.

சரி, காத்து எங்க இருந்து வருது? 5 லீட்டர் கேன்ல நல்ல டீசல் எடுத்து, தரையில வெச்சு, நேரா பம்ப்புக்கு டியூப் குடுத்தேன். ரிட்டர்ன் குழாயையும், அதாவது மிஞ்சின டீசல் டேங்குக்குத் திரும்புற குழாயையும், அதே கேனுக்குள்ள விடுங்க. மொதல் தடவ நான் விடல்ல, கேன்ல பாதி சத்தமில்லாம டேங்குக்குப் போயிருச்சு. ரேஸ் பண்ணினேன், ஒரு குமிழி இல்ல. 185,000 கேட்ட பம்ப், சின்னப் புள்ள பால் குடிக்கிற மாதிரி குடிக்குது! அப்புறம் அதே கேன பில்டருக்கு முன்னால குடுத்தேன். குமிழி வந்திருச்சு. அப்ப குற்றவாளி நடுவுல இருக்கிற பில்டர் தலையும் (பில்டர் மாட்டுற மேல் பாகம்) அதுக்கு மேல இருக்கிற, கையால அமத்தி டீசல் ஏத்துற ஹேண்ட் பம்ப்பும்தான்.

ஹேண்ட் பம்ப்பக் கழட்டினேன். உள்ள ஒரு ரப்பர் வட்டு. மேலாகப் பாத்தா ஒன்னுமில்ல. விரலால லேசா மடிச்சேன், மழை காணாத சேத்துல வெடிப்பு விடுற மாதிரி, நகத்து நீளத்துக்கு ஒரு கீறல் வாயத் திறந்துச்சு. விட்டா மூடிக்குது. இந்தக் கீறல்தான் நானுஓயா ஏத்தத்துல என்ன மூனு மாசம் அலைய விட்டது.

புது ஹேண்ட் பம்ப் 7,500 ரூபா. பெரிய டியூப் 550, சின்ன டியூப் 450. மொத்தம் 8,500. அந்த 550 எனக்கு இன்னமும் வயித்தெரிச்சல்தான், அந்த டியூப் சும்மா வீட்டுல கெடக்கு, யாராவது மேசன் அண்ணன்மார் இருந்தா வந்து எடுத்துட்டுப் போங்க.

இன்னொன்னு, இது முக்கியம். நான் சொல்றதெல்லாம் இந்த மாதிரி பழைய மெக்கானிக்கல் பம்ப்புக்கு மட்டுந்தான். காமன் ரெயில் வண்டி, அதாவது கம்பியூட்டர்ல ஓடுற புது டீசல் வண்டி வெச்சிருக்கவங்க தயவு செஞ்சு ஓடுற எஞ்சின்ல இன்ஜெக்டர் லைன எளக்கிப் பாக்க வேணாம். அதுல அழுத்தம் 1000 பாருக்கு மேலயும் ஏறும், தோலுக்குள்ளயே டீசல் பாஞ்சிரும், கையே போயிரும்.

நேத்து சாயந்தரம் அப்பாவ ஏத்திக்கிட்டு ஏறினேன். லிந்துலையில மூனாவது கியர் போட்டேன், நானுஓயா வரைக்கும் ஒரு தொய்வில்ல. வழியெல்லாம் அப்பா எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கிட்டு வந்தாரு, ஒரு வார்த்தை பேசல்ல. ஸ்டேஷன் கிட்ட வந்ததும், "இனி அத நோண்டாத"ன்னு மட்டும் சொன்னாரு.

ராவு வேணும்னே மூக்க மேல பாத்து நிப்பாட்டினேன். இன்னைக்கு காலையில நல்ல பனி, கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்துச்சு. சாவியத் திருப்பினேன். ஒரே சுத்து. அந்தச் சத்தம்தான் நீங்க மொதல்ல கேட்டது. டேங்க எறக்கிக் கழுவுறது வர்ற ஞாயித்துக்கிழமை, மழை இல்லைன்னா.