வாசல் தொட்டிக்கு எந்த மீன்? சேலத்துக்கு ஒண்ணு, ஏற்காட்டுக்கு வேற

(காட்சி: வீட்டு வாசல். இரண்டடி அகல வட்டத் தொட்டி. அல்லி இலைக்கு அடியில் மீன்கள்.)

வணக்கம்ங்க. வாசல்ல ஒரு தொட்டி, அதுல ஒரு அல்லி, நாலஞ்சு மீன். ஆசைப்படறவங்க நிறைய பேர். மீன் கடையில போய் நின்னதும் எல்லாரும் கேக்கறது, "இது ரெண்டையும் ஒண்ணா விட்டா சண்டை போடுமா?" கேக்க வேண்டியதுதான். ஆனா அதுக்கு முன்னால ரெண்டு விஷயம் பார்க்கணும். ரெண்டு மீனுக்கும் ஒரே சூடு ஒத்துக்கணும், ஒரே தண்ணி ஒத்துக்கணும். வீட்டுக்குள்ள கண்ணாடித் தொட்டின்னா ஹீட்டர், ஃபில்டர் வெச்சு சமாளிச்சுக்கலாம். வெளியில வெச்ச தொட்டியில வெயிலும் பனியும் சொல்றதுதான் சட்டம்.

(காட்சி: அடிவாரத்திலிருந்து மேலேறும் ஏற்காடு மலைப்பாதை.)

அதனாலதான் சேலத்துக்கு ஒரு பதில், ஏற்காட்டுக்கு ஒரு பதில் சொல்றேன். சேலம் டவுன் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒரே மாவட்டம்தான், ஆனா கீழ நல்லா இருக்கற மீன் மேல வாடும், மேல துள்ளுற மீன் கீழ சித்திரை வெயிலைத் தாங்காது.

முதல்ல சேலம். இரண்டடி அகலத் தொட்டியில ஒன்றரை அடி தண்ணி நின்னா சுமார் 130 லிட்டர். மண்ணு, அல்லி வெச்ச சட்டி எல்லாம் போக 110 லிட்டர் தேறும். ஏப்ரல், மே மாசத்துல நேர் வெயில்ல வெச்சீங்கன்னா இந்த அளவு தண்ணி 35 டிகிரியைத் தொட்டுடும். 20 டிகிரி தண்ணியில ஒரு லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 35 டிகிரியில சுமார் 7தான். சூடு ஏற ஏற மீனுக்குக் கூடுதலா மூச்சு வேணும், தண்ணியில இருக்கறதோ குறையுது. ராத்திரியில பாசியும் செடியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கும். அதனால விடியக்காலையில போய்ப் பாருங்க. மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சுன்னா, தொட்டியில மீன் ஜாஸ்தின்னு அர்த்தம்.

(காட்சி: பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளை உப்பு.)

அடுத்தது தண்ணி. மேட்டூர் தண்ணி வந்தா குளோரின் இருக்கும். கடையில விக்கற குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டுட்டு ஊத்துங்க. போர் தண்ணின்னா நம்ம பக்கம் பல இடத்துல உப்பு, கடினம். அது எல்லா மீனுக்கும் எதிரின்னு நினைச்சுடாதீங்க. கப்பி, மோலின்னு குட்டி போடற சின்ன அலங்கார மீனுக்கெல்லாம் கடினத் தண்ணிதான் பிடிக்கும். ஆனா ஒண்ணை நல்லா மனசுல வெச்சுக்கங்க. மீன் கழிவுல இருந்து அம்மோனியா வரும். பி.ஹெச்.னா தண்ணியோட அமில, காரத் தன்மையைச் சொல்ற எண். பி.ஹெச். 7 இருக்கற தண்ணியில, 30 டிகிரியில, அந்த அம்மோனியாவுல விஷமா இருக்கற பங்கு 100க்கு 1கூட இல்லை. அதே சூட்டுல பி.ஹெச். 8 ஆனா 100க்கு 7க்கு மேல போயிடும். சூடான, பி.ஹெச். கூடின போர் தண்ணியில மிச்சத் தீனி அழுகினா மீன் ஒரே நாள்ல சாகறதுக்கு இதுதான் காரணம். புது சிமெண்ட் தொட்டியும் சுண்ணாம்பைக் கக்கி பி.ஹெச்.சை ஏத்தும். தண்ணி நிரப்பி வெச்சு, பல தடவை மாத்தி ஊத்தின பிறகுதான் மீன் விடணும். கழிவைத் தின்னு மாத்தற பாக்டீரியா தொட்டியில வளர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் ரெண்டு மூணு மீன் போதும்.

சரி, சேலத்துக்கு என்ன விடலாம்? என் முதல் தேர்வு, ஆண் கப்பி மட்டும் எட்டு. நிறம் முழுக்க ஆண்கிட்டதான், கொசுப்புழுவையும் விடாம தின்னும், குட்டி வராததால தொட்டியும் நிரம்பி வழியாது. இன்னும் கொஞ்சம் உயிரோட்டமா வேணும்னா ஒரு ஆண் மோலி, மூணு பெண் மோலி, கூட ரெண்டு பாஞ்சாக்ஸ். பாஞ்சாக்ஸ் நம்ம நாட்டு மீன். நெல் வயல் ஓரத்திலயும் குளத்திலயும் தண்ணி மேல்மட்டத்துல நீந்தும், தலையில ஒரு வெள்ளிப் புள்ளி மின்னும். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜோடி இது. மோலி போடற குட்டியில பெரும்பகுதியை பாஞ்சாக்ஸ் தின்னுடும், அதனால எண்ணிக்கை தானா அடங்கும். மனசு கேக்காதவங்க இந்த ஜோடியை விட்டுடுங்க. பாஞ்சாக்ஸ் நல்லாத் துள்ளும், தொட்டி விளிம்புக்கு நாலு விரல் கீழயே தண்ணி நிக்கட்டும், மேல ஒரு வலையும் போடுங்க. அந்த வலை மீன்கொத்தியையும் தடுக்கும்.

ஃபைட்டர் மீனை கப்பியோட விடாதீங்க. நீளமான வாலைப் பார்த்தா இன்னொரு ஆண் ஃபைட்டர்னு நினைச்சுக் கடிக்கும். ஃபைட்டர் காத்தை நேரா மேல வந்து மூச்சு வாங்கும், அதனால சேலம் வெயிலைத் தாங்கற மீன்தான். ஆனா தனியா ஒண்ணு, கூட சில நத்தை, அவ்வளவு போதும்.

(காட்சி: ஏற்காடு. காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரம், மிளகுக்கொடி.)

இப்ப மேல போவோம். ஏற்காட்டுல மார்கழி, தை ராத்திரியில குளிர் 13 டிகிரிக்குப் பக்கம் இறங்கும். கப்பி சோர்ந்து போய் வெள்ளைப்புள்ளி நோய் பிடிக்கும், ஃபைட்டர் அசையாம கிடக்கும். இங்க வொயிட் கிளவுட்னு விக்கற சின்ன மீன் அருமை. சீனாவுல மலை ஓடையில இருந்து வந்த இனம், 14ல இருந்து 22 டிகிரிதான் அதுக்கு சுகம். எட்டுப் பத்து ஒண்ணா விடுங்க. கூட்டமா இருந்தாத்தான் பயமில்லாம வெளிய வரும். ஜீப்ரா டேனியோவும் குளிரைத் தாங்கும், இதோட ஒத்துப்போகும். தங்க மீனுக்கும் குளிர் பிடிக்கும், ஆனா அரை அடிக்கு மேல வளரும், கழிவு அதிகம், வாய்க்கு அடங்கற மீனை விழுங்கிடும். 110 லிட்டருக்கு அது வேண்டாம்.

தோட்டத்துக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. காப்பிக்கும் மிளகுக்கும் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த பூஞ்சை மருந்து) அடிக்கறீங்க இல்லையா, அதுல இருக்கற தாமிரம் மீனுக்கு விஷம். மழைத்தண்ணி பிடிச்சு நிரப்பின தொட்டின்னா தண்ணி மென்மையா இருக்கும், அதுல தாமிரம் இன்னும் கடுமையா வேலை செய்யும். மருந்தடிக்கற அன்னிக்கு தொட்டியை தார்ப்பாய் போட்டு மூடிடுங்க. கூரைத் தண்ணி பிடிக்கறவங்க மருந்தடிச்ச பிறகு வர்ற முதல் மழையை விட்டுடுங்க.

(காட்சி: மீன் கடைத் தொட்டிகள்.)

கடையில "பாசியைத் தின்னுடும்"னு சொல்லி சக்கர் மீன் தருவாங்க. வாங்காதீங்க, ஒரு அடியைத் தாண்டி வளரும். கோய் கெண்டை, ஜிலேபி மீன் எதுவும் இந்தத் தொட்டிக்கு ஆகாது. வளந்ததைக் கொண்டுபோய் மூக்கனேரியிலயோ ஏற்காடு ஏரியிலயோ விடவும் கூடாது. நம்ம ஏரி மீனோட இடத்தைப் பிடிச்சுக்கும். கப்பிக்கும் இதே கதைதான், ஏரியில கொட்டிடாதீங்க, கூடுதல் குட்டியை மீன் வளர்க்கறவங்களுக்குக் குடுங்க. பெண் கப்பியை மட்டும் வாங்கினா குட்டி வராதுன்னு நம்பாதீங்க. கடைத் தொட்டியில ஆணோட இருந்திருந்தா, அந்த விந்தை உள்ளயே சேமிச்சு வெச்சு மாசக்கணக்குல குட்டி போடும். குட்டி வேண்டாம்னா, வயித்துக்குக் கீழ, வாலுக்கு முன்னால இருக்கற துடுப்பு குச்சி மாதிரி கூரா இருக்கான்னு பார்த்து, ஆணை மட்டும் எடுத்து உறையில போடச் சொல்லுங்க.