மாமாவுக்குக் கை சுளுக்கு

நடுவர் அய்யாவுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம், என் அணிக்கும் வணக்கம். எட்டு மணிக்குன்னு சொல்லி ஒன்பதே முக்காலுக்கு ஆரம்பிச்சும் பாயைச் சுருட்டாம உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு மட்டும் ரெண்டு வணக்கம்.

தலைப்பு என்ன? பிள்ளைங்க மேல்படிப்புக்குப் பெருசு, பேர் வாங்கின காலேஜா, பைசா செலவில்லாத சீட்டா? நான் செலவில்லாத சீட்டுக்காகப் பேச வந்திருக்கேன். ஏன் டீச்சர் இந்த அணியில சேர்ந்தீங்கன்னு கார்ல வரும்போது கேட்டாங்க. அந்த அணியில எடம் இல்ல, அதான்.

எங்க ஊர்ல ஒரு பிள்ளை. என்கிட்ட பன்னெண்டாம் வகுப்புக் கணக்குப் படிச்சவ. அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. வெளியூர்க்காரங்க ஆபீஸ்னதும் ஏசி ரூம்னு நினைச்சுக்கிடாதீங்க. எங்க பக்கம் தீக்குச்சிக்கு மருந்து முக்குற எடத்துக்குப் பேரு ஆபீஸ். பிள்ளை கட்-ஆஃப் 200க்கு 194. வீட்டுக்கு ரெண்டு கவர் வந்துச்சு. ஒண்ணு, நுழைவுத் தேர்வு எழுதி எடம் கிடைச்ச பெரிய பேர் வாங்கின பல்கலைக்கழகம். ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து நாலு வருஷத்துக்குப் பன்னெண்டு லட்சம். இன்னொண்ணு, நாப்பது கிலோமீட்டர்ல ஒரு காலேஜ். இந்த மார்க்குக்கு ஃபீஸ் வேணாம், பஸ்ஸுக்கும் காசு வேணாம், பிள்ளையை அனுப்பி வைங்கங்கிறான்.

அப்பன் ரெண்டு கவரையும் சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டு உட்கார்ந்திருக்கார். வாசல்ல புல்லட் சத்தம். யாரு? தாய்மாமன்! வேட்டி வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை. உள்ள வந்தார், ரெண்டாவது கவரைத் தொட்டுக்கூடப் பார்க்கல. "மச்சான், நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவன் எந்தக் காலேஜ்னு கேட்பானா மாட்டானா? பேர் வேணும் மச்சான், பேர்!" அதுக்குள்ள ஒரு டீ போச்சு, ஆறு முறுக்கு போச்சு. "மாப்ள, பணம்?"னு இவர் இழுத்தார். மாமா சொன்னார் பாருங்க, "பணத்தை விடுங்க மச்சான். நான் இருக்கேன்ல?"

அய்யா, தமிழ்நாட்டுல அதிகமாக் காணாமப் போற பொருள் செல்போன் இல்ல. இந்த 'நான் இருக்கேன்ல'தான்.

பேங்குக்குப் போனாங்க. மேனேஜர் நல்ல மனுஷன். "படிப்புக் கடன் ஏழரை லட்சம் வரைக்கும் அடமானம் கேட்க மாட்டோம்"னார். ஏழரைன்னா என்னன்னு நம்ம ஊர்ல ஜாதகமே இல்லாதவனுக்கும் தெரியும். "சார், கடன் வாங்குறதுக்கு முன்னாடியே ஏழரையா?"ன்னு இவர் கேட்டிருக்கார். "அதுக்கு மேலன்னா சொத்துப் பத்திரம் வேணுமே"ன்னார் மேனேஜர். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கிட்ட என்ன சொத்து? டிவிஎஸ் எக்ஸெல் ஆர்.சி. புக். மாமாகிட்டதான் நாலு ஏக்கர் கிடக்கே! போனைப் போட்டார்.

"கையெழுத்துதானே மச்சான், போட்டாப் போச்சு. ஆனா பாருங்க, காலையில கிணத்துல வாளி இழுத்தேன். கை சுளுக்கு."

சரி, சுளுக்குதானே. மூணு நாள் கழிச்சுப் போனார். வலது கை சரியாப்போச்சு, இப்ப இடது கை சுளுக்கு. யோவ், நீ இடது கையாலயாய்யா கையெழுத்துப் போடுவ? அக்காக்காரிக்கு மனசு கேட்கல, அவளே போனா. "தம்பி, பெருவிரல் ரேகை வச்சாக்கூடப் போதுமாம்டா." "பெருவிரல்லதான்க்கா சுளுக்கே ஆரம்பிச்சது!" மறுநாள் ஊர்ல ஒரு காதுகுத்து. பந்தியில பார்த்தா, ஒரு கையில சாம்பார் வாளி, இன்னொரு கையில ரசவாளி, பறக்கிறார் மாமா!

பிள்ளை அன்னைக்கு ராத்திரி சொல்லிச்சு: "அப்பா, மாமா கை சரியாகுறதுக்குள்ள எனக்கு வயசாயிரும். நான் பஸ்லயே போறேன்." போனா. அவ காலேஜ் பஸ் ஏறின அன்னைக்கே சுளுக்கு விட்டுருச்சு. மாமா புல்லட்ல வந்து, ஐநூறு ரூபாயைக் கவர்ல போட்டு, அது மேல தன் பேரைக் கொட்டை எழுத்துல எழுதிக் கொடுத்துட்டுப் போறார். வலது கையால எழுதி!

எதிரணியில இருக்கிற அத்தனை பேரையும் கேட்கிறேன். பேர் வேணும், பேர் வேணும்கிறீங்களே, பத்திரம் கொண்டு வந்தீங்களா, இல்ல உங்களுக்கும் கை சுளுக்கா?

எதிரணித் தம்பி, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவர், நல்லாப் பேசுவார், ஒரு வார்த்தை விட்டார். "ஓசிச் சோத்துல உப்பு இருக்காது, ஓசி சீட்டுக்கு மதிப்பு இருக்காது." நீங்களும் கை தட்டினீங்க. மூணாவது வரிசை, நான் பார்த்தேன்.

தம்பி, ஓசின்னா என்ன? கவுன்சிலிங் ரேங்க் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.ன்னு இருக்கும். எல்லாத்துக்கும் மேல என்ன இருக்கும்? ஓ.சி.! ஓப்பன் காம்பெடிஷன்! அத்தனை பேரோடயும் மோதி ஜெயிச்சவன் உட்கார்ற எடம். முழு ஃபீஸையும் தள்ளி ஒரு காலேஜ் யாரைக் கூப்பிடும், ஃபெயில் ஆனவனையா? 194 எடுத்தவளைத்தான் கூப்பிடும். இது ஓசி இல்ல தம்பி, ஓ.சி.!

அந்தச் சொல் எப்படி வந்துச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. கிழக்கிந்தியக் கம்பெனி தபாலுக்குக் காசு கிடையாதாம். 'ஆன் கம்பெனி சர்வீஸ்'னு முத்திரை குத்தி அனுப்புவானாம், அந்த ஓ.சி.தான் நம்ம வாயில ஓசி ஆச்சாம். கதை நிஜமோ பொய்யோ, கம்பெனி நிஜம். நீங்க படிச்ச கிண்டிக் கல்லூரி எப்ப தொடங்கினது? 1794. பெருமையாச் சொன்னீங்க. யார் தொடங்கினது, என்னவாத் தொடங்கினதுன்னு சொல்லலையே? அதே கம்பெனி தொடங்கின சர்வே பள்ளிக்கூடம் அது. முதல்ல சேர்ந்தது எட்டுப் பேர். எங்க இருந்து பிடிச்சாங்க? ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதியில இருந்து! அந்தப் பையன்களுக்கு எந்த அப்பன்யா ஃபீஸ் கட்டினான்? எந்த மாமா பத்திரம் கொடுத்தார்? உங்க காலேஜோட முதல் செட்டே எங்க கட்சி தம்பி!

அது கிடக்கட்டும். கிண்டியில நீங்க கட்டின ஃபீஸ்லயா அந்தக் கட்டடம் நிக்குது? பெட்டிக்கடையில தீப்பெட்டி வாங்கினவன் கட்டின வரியும் அதுல இருக்கு. 2021ல இருந்து இன்ஜினியரிங்லயும் அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் எடம் ஒதுக்கி, ஃபீஸும் ஹாஸ்டல் செலவும் அரசாங்கமே கட்டுது. அந்தப் பிள்ளைங்க தட்டுல உப்பு இல்லையா? ஏழு மைல் சைக்கிள் மிதிச்சுப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை தம்பி, அவ சட்டையைப் பிழிஞ்சு பாருங்க, உப்பு வரும்.

இன்னும் நாலு பாயிண்ட் எழுதிக் கொண்டு வந்தேன். நடுவர் மணியைக் கையில எடுத்துட்டார். போகட்டும்.

பேர் இருந்தாப் பணம் தானா வரும்னாங்க. 2024ல உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் பக்கத்துல ஒரு கூலித் தொழிலாளி மகன், தன்பாத் ஐ.ஐ.டி.யில சீட் வாங்கினான். அதைவிடப் பெரிய பேர் என்ன வேணும்? ஜூன் 24, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள 17,500 ரூபாய் கட்டணும். முடியல. சீட் போச்சு. பையன் நம்ம சென்னை ஐகோர்ட் வரைக்கும் வந்து அலைஞ்சான். செப்டம்பர் 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தலையிட்டுத்தான் எடம் கிடைச்சது. அந்த அஞ்சு மணிக்கு அந்த அப்பன் யார் யார் வீட்டு வாசல்ல நின்னிருப்பான்?

எனக்கு அந்த வாசல் தெரியும். 1991ல எங்க அண்ணனுக்கு வடக்க ஒரு பெரிய இன்ஜினியரிங் காலேஜ்ல எடம் கிடைச்சது. பக்கத்து டவுன் காலேஜ்ல, ஃபீஸ் வேணாம், ஹாஸ்டல் வேணுமா சும்மா தர்றோம், பி.எஸ்ஸி. கணக்கு படிக்கட்டும்னாங்க. எங்க அப்பா பேரைத்தான் பிடிச்சார். ரெண்டு ஏக்கர் செவக்காடு. முதல் வருஷம் அடமானம், மூணாவது வருஷம் கிரயம்.

அண்ணன் நல்லாத்தான் இருக்கார். எதிரணி கை தட்டிக்கிடலாம்.

ஆனா அப்பா, காடு கைமாறின பிறகும், தினம் சாயங்காலம் சைக்கிள்ல அந்தப் பக்கம் போவார். வரப்புல சைக்கிளைச் சாத்திட்டு இறங்கி, உழவுல மேல வந்த கல்லைப் பொறுக்கி ஓரமாப் போடுவார். வாங்கினவர் ஒரு தடவை எங்க அம்மாகிட்டயே கேட்டார்: "உங்க வீட்டுக்காரருக்கு நான் கூலி கொடுக்கணுமா?" அம்மா சொல்லிச்சு: "கொடுத்துராதீங்கய்யா, செத்துருவார்."

2009ல அண்ணன் காசோட வந்தார், காட்டை மீட்கணும்னு. அதுக்குள்ள அதுல பிளாட் போட்டாச்சு. எங்க அப்பா ஆயுசு பூராக் கல்லுப் பொறுக்கின எடத்துல, வரிசையா மஞ்சக் கல்லு நட்டிருக்கான். அண்ணன் விடல. மூணு சென்ட் வாங்கினார், அப்பா பேர்லயே. பத்திரத்தைக் கையில கொடுத்துக் கூட்டிட்டுப் போய் அந்த நாலு கல்லுக்கு நடுவுல நிறுத்தினார். அப்பா சுத்திப் பார்த்தார். குனிஞ்சு ஒரு பிடி மண்ணை எடுத்தார். அண்ணனைப் பார்த்துக் கேட்டார்:

"இதுல என்னய்யா விதைக்க?"

வணக்கம்.