சுவர் வெடிப்பும் வீட்டுக் காப்புறுதியும்

வணக்கம் நேயர்களே.

லண்டனில் வீடு வாங்கப் போகிறவர்கள் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான். விலை பேசி முடிந்திருக்கும், வீட்டுக் கடனான மோர்கேஜும் சரிவந்திருக்கும். அப்போது வீட்டைப் பரிசோதித்த சர்வேயரின் அறிக்கை வரும். "கட்டடத்தில் பழைய அசைவின் அடையாளங்கள் உள்ளன. இப்போதும் அது தொடர்வதாகத் தெரியவில்லை" என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படித்ததும் சிலர் வீடே வேண்டாம் என்று விலகிவிடுகிறார்கள். வேறு சிலர், இதைக் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லாமல் விட்டால் என்ன என்று கேட்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

விக்டோரியா காலத்து டெரஸ் வீடுகளுக்கு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு, இன்றைய வீடுகளைப் போல ஆழமான அத்திவாரம் கிடையாது. செங்கல்லைப் படிப்படியாக அகலமாக்கி அடுக்கி, பல இடங்களில் அரை மீற்றர் ஆழம்கூட இல்லாமல் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். ஹாரோ, வெம்பிளிப் பக்கம் நிலத்தடியில் இருப்பது லண்டன் களிமண். மாரியில் நீரை உறிஞ்சி வீங்கும், கோடையில் வற்றிச் சுருங்கும். பக்கத்தில் வில்லோ, ஓக், பொப்லர் போன்ற மரம் நின்றால் இன்னும் கூடுதலாக வற்றும். ஆனால் பழைய வீடு அசைந்ததற்கு மண் மட்டும்தான் காரணம் என்று நினைக்கக்கூடாது. போர்க்காலக் குண்டின் அதிர்ச்சியாக இருக்கலாம். கூரையில் இருந்த சிலேட்டைக் கழற்றிவிட்டுப் பாரமான கொங்கிறீற் ஓடு போட்டதாக இருக்கலாம். முன்பக்கத்தில் வெளியே துருத்தி நிற்கும் 'பே' ஜன்னல் தனி அத்திவாரத்தில் நின்று கொஞ்சம் முன்னால் சரிந்ததாகவும் இருக்கலாம். எப்போதோ சரிந்து, அப்படியே நின்றுவிட்ட வீடுகள் இந்த நகரத்தில் தெருத்தெருவாக இருக்கின்றன.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நிலம் இறங்குவதால் வரும் சேதத்தை, அதாவது சப்சிடன்ஸை, பிரித்தானிய வீட்டுக் காப்புறுதிகள் பரவலாக ஏற்கத் தொடங்கியதே 1971இல்தான். அடுத்த ஐந்து வருடத்தில், 1976இல், பெரும் வறட்சி வந்து நட்டஈடு கேட்டுக் கோரிக்கைகள் குவிந்தன. கம்பனிகளுக்கு இந்த விடயத்தில் இருக்கும் பயம் அங்கிருந்து தொடங்குகிறது. 1890இல் கட்டிய ஒரு வீடு அதற்கு முன்னரே எண்பது வருடம் அசைய வேண்டியதையெல்லாம் அசைந்து முடித்திருக்கும்.

ஆகவே காப்புறுதி கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியது மூன்று விடயம். எப்போது அசைந்தது, எதனால் அசைந்தது, நின்றுவிட்டதா. சர்வேயரின் ஒரு வரி இதற்குப் போதாது. தகுதிபெற்ற ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர், அதாவது கட்டமைப்புப் பொறியியலாளர், ஒருவரைக் கூட்டிச் சென்று, வாங்குபவரின் பெயரில் எழுத்து மூலம் அறிக்கை வாங்குங்கள். வெடிப்பின் அகலத்தை அவர் அளப்பார். ஐந்து மில்லிமீற்றருக்கு உட்பட்டவை பொதுவாகச் சிறியவை என்ற வகையில் அடங்கும். பதினைந்தைத் தாண்டினால் கடுமையானவை. ஆனால் அகலத்தை விட வயது முக்கியம். வெடிப்பின் உள்விளிம்பில் அழுக்கும் பழைய பெயின்றும் படிந்திருக்கிறதா? சரிந்த கதவை யாரோ ஒரு காலத்தில் சீவிப் பொருத்தியது இன்றும் பிடிக்காமல் மூடுகிறதா? இவை நல்ல சாட்சிகள். அப்படியும் தெளிவில்லாவிட்டால், கோடையும் மாரியும் அடங்க ஒரு வருடம் வெடிப்பை அளந்து கண்காணிக்கச் சொல்வார். வாங்கும் அவசரத்தில் அது கசப்பாக இருக்கும். ஆனாலும் அவர் சொன்னால் கேளுங்கள்.

முன்பு கோரிக்கை வைத்து அத்திவாரத்தைப் பலப்படுத்திய வீடு என்றால், வேலை முடிந்தபின் கொடுக்கப்பட்ட கட்டமைப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். உங்கள் சட்டத்தரணியான சொலிசிட்டர் மூலம் விற்பவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். பத்திரத்தைப் போலப் பத்திரப்படுத்த வேண்டிய காகிதம் அது.

இனிக் காப்புறுதியைத் தேடுவது. விலை ஒப்பிடும் இணையத்தளங்களில் "இந்த வீட்டில் சப்சிடன்ஸ் அல்லது அசைவின் அடையாளம் எப்போதாவது இருந்ததா?" என்று கேட்பார்கள். ஆம் என்று அழுத்தியதும் பல கதவுகள் மூடிவிடும். உங்கள் எஞ்சினியரின் அறிக்கையை அங்கே யாரும் படிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். படிக்கக்கூடிய ஒரு மனிதரிடம் போக வேண்டும். முதலில், விற்பவரின் இப்போதைய கம்பனி எது என்று கேளுங்கள். அந்த வீட்டின் கதை தெரிந்த கம்பனி அது. புதிய உரிமையாளருக்கும் தொடர்ந்து கொடுப்பீர்களா என்று கேட்டால் பல வேளைகளில் சம்மதிப்பார்கள். மறுத்தால் இத்தகைய வீடுகளையே கையாளும் புரோக்கரிடம் போங்கள். பிரித்தானியக் காப்புறுதிப் புரோக்கர்கள் சங்கமான 'பீபா'வைத் தொடர்புகொண்டால் பொருத்தமானவரைக் காட்டுவார்கள்.

கட்டணம் கூடலாம். சப்சிடன்ஸ் கோரிக்கையில் உங்கள் கையிலிருந்து போட வேண்டிய முதல் தொகை வழமையாக 1,000 பவுண். இப்படியான வீடுகளுக்கு அது இன்னும் மேலே போகும். அதை ஏற்கலாம். ஆனால் சப்சிடன்ஸையே வெட்டிவிட்டு மலிவாக நீட்டும் காப்புறுதியைக் கண்டால் கவனம். மோர்கேஜ் கொடுப்பவர் பெரும்பாலும் அதை ஏற்கமாட்டார்.

மறைப்பதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குத் தவறான பதில் போகாமல் நியாயமான கவனம் எடுப்பது உங்கள் கடமை. வேண்டுமென்றே பொய் சொன்னால் கம்பனி காப்புறுதியையே இல்லாததாக்கலாம், நீங்கள் கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவு என்றாலும் கோரிக்கைப் பணம் குறையலாம். உண்மையைச் சொன்னால் கட்ட வேண்டியிருந்த கட்டணத்தில் பாதியைத்தான் கட்டியிருந்தீர்கள் என்றால், பாதிதான் கிடைக்கும். பழைய கோரிக்கைகள் கம்பனிகளின் பொதுத் தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கும். சர்வே அறிக்கையோ உங்கள் பெயரிலேயே இருக்கிறது. குடும்பத்தின் முழுச் சேமிப்பையும் கொட்டிய வீட்டை இப்படி ஒரு பொய்யின் மேல் நிறுத்தாதீர்கள்.

இதையெல்லாம் ஒப்பந்தம் பரிமாறும் நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். இங்கிலாந்தில் வழமையாக அன்றிலிருந்தே வீட்டுக்கு ஏதும் நடந்தால் பொறுப்பு வாங்குபவருடையது. சாவி கைக்கு வரவில்லையே என்று காத்திருக்க முடியாது. புரோக்கர் தொலைபேசியில் "பிரச்சினையில்லை" என்று சொன்னதும் போதாது. எஞ்சினியரின் அறிக்கையைப் படித்த பின்பே சம்மதித்தோம் என்று காப்புறுதிக் கம்பனியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். பின்னர் கோரிக்கை ஒன்று நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் கம்பனியிடமே முறையிட்டு, அதன் பதிலில் திருப்தியில்லை என்றால் இத்தகைய முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும், நிதிச் சேவைகளுக்கான ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த எழுத்துத்தான்.

நன்றி, வணக்கம்.