கெட்டிக்குள் எங்கே இடம்?

நடுவர் அவர்களே, எதிரணியில் இருந்தாலும் எனக்கு வேண்டப்பட்ட அண்ணன்மார்களே, தங்கைகளே, தெப்பக்குளக் கரையில் பாயும் சுண்டல் பொட்டலமுமாக உட்கார்ந்திருக்கிற மதுரைப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பொருளானாலும் சொல்லானாலும் மதிப்பைத் தருவது கெட்டியா, வெற்றிடமா?" இதுதான் தலைப்பு. வெற்றிடமே என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். அணி பிரித்தபோது இந்தப் பக்கம் வர ஆளே கிடைக்கவில்லை. "மண்டை கொஞ்சம் காலியாக இருக்கிறவர் யாராவது வாங்க" என்றார்கள், என் வீட்டுக்காரி என் கையைத் தூக்கிவிட்டாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புல்லாங்குழலைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதற்கு எதிரணியில் பதில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அந்தக் காகிதம் வீணாகப் போகட்டும்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் எடுத்த எடுப்பில் மீனாட்சியம்மன் கோயில் இசைத்தூண்களைப் பிடித்துக்கொண்டார். "ஒரே கல். உள்ளே துளை இல்லை, குழாய் இல்லை. தட்டினால் பாடுகிறது. கெட்டிப் பொருளுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். வடக்குக் கோபுரத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். 5 தூண்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கல்லில் செதுக்கிய 22 சிறு தூண்கள். சிற்பி செய்த வேலை என்ன? ஒரு சிறு தூணுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்த கல்லை வெட்டி வெளியே எடுத்தார். அந்த இடைவெளி இருப்பதால்தான் ஒவ்வொன்றும் தனியாக அதிர்கிறது. பருமன் மாற மாற சுரமும் மாறுகிறது. இடைவெளி வெட்டாத கல்லும் நம்மிடம் உண்டு. ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை என்று பேர். முழுக்க முழுக்கக் கெட்டி. போய்த் தட்டிப் பாருங்கள், கைதான் வலிக்கும்.

அதே கோயிலில் அண்ணன் அண்ணாந்து பார்க்க மறந்தது ஒன்று உண்டு. கோபுரம். கீழே கருங்கல். அதற்கு மேலே செங்கல்லும் சுதையும். உள்ளே நிலைக்கு நிலை காலியாக இருக்கும், ஏறிப் போக வழி இருக்கும். அவ்வளவு உயரத்தையும் கெட்டியாக அடைத்திருந்தால் அந்தப் பாரத்தைக் கீழே இருப்பது தாங்க வேண்டாமா? சரி, கெட்டிப் பகுதியை மட்டும் கட்டி நிறுத்தினால் எப்படி இருக்கும்? பார்க்க ஆசைப்பட்டால் புதுமண்டபத்துக்குக் கிழக்கே ராயகோபுரம் இருக்கிறது. திருமலை நாயக்கர் தொடங்கி முடியாமல் நின்ற வேலை. கல்லில் குறையே சொல்ல முடியாது. பேர்தான் கோபுரம்.

தங்கை ஒருவர் சுவாமிமலை வரை போய் உற்சவர் சிலைகளைக் கொண்டுவந்தார். உள்ளே காலி விடாமல் கனமாக வார்ப்பது, அதுதான் தெய்வத்துக்கு ஏற்றது என்றார். தங்கை, வார்க்கிற முறையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். முதலில் மெழுகில் சிலை செய்கிறார்கள். அதன் மேல் வண்டல் மண்ணை அப்பிக் காயவைக்கிறார்கள். சூடுபடுத்தினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அங்கே சிலை எங்கே இருக்கிறது? மெழுகும் இல்லை, உலோகம் இன்னும் வரவில்லை. கண், மூக்கு, விரல், கையில் இருக்கிற தாமரை எல்லாமே மண்ணுக்குள் ஒரு காலி இடமாக இருக்கிறது. உலோகம் அந்த இடத்துக்குள் போய்த்தான் சாமியாக வெளியே வருகிறது. உங்கள் சாட்சி எங்கள் வயிற்றில் பிறந்தவர், தங்கை.

மானாமதுரைக் கடத்தை எங்கள் அணித் தலைவர் ஏற்கெனவே பேசிவிட்டார். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொன்னார். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கடம் செய்கிறவர் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி சுவர் முழுவதையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவருகிறார். எங்கேயாவது கீறல் இருந்தால் ஒரு தட்டில் தெரிந்துவிடும். பானை வாங்கும் எந்த அம்மாவும் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறார்? உள்ளே காலியாக இருக்கிற பொருள் தன் குறையை மறைக்காது. செங்கல் சூளையில் வேகாத கல்லைக் கண்டுபிடிக்கவும் தட்டுவார்களே என்று எதிரணி கேட்கலாம். கேளுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசுகிறவர்கள்.

இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு வருகிறேன். திருமலை நாயக்கர் 1636-இல் மகால் கட்டினார். அதற்குச் செங்கல் அறுக்க மண் வேண்டும். அந்த மண்ணை இங்கிருந்துதான் எடுத்தார்கள், எடுத்த பள்ளத்தைத்தான் 1645-இல் படிக்கட்டும் மைய மண்டபமுமாகத் தெப்பக்குளம் ஆக்கினார்கள் என்று மதுரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். தோண்டும்போது முக்குறுணி விநாயகர் கிடைத்தார் என்பதும் அந்தக் கதையில் சேர்த்தி. ஆக, ஒரே மண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று எடுத்த மண், இன்னொன்று விட்ட பள்ளம். எடுத்த மண் என்ன ஆயிற்று? நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கரே பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்கிறார்கள். இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது பழைய மகாலில் ஏறத்தாழ கால்பங்கு. பள்ளம்? நாலு கரையும் அப்படியே இருக்கிறது. பள்ளத்தை யார் பிரித்து எங்கே கொண்டுபோவது? தண்ணீர் வராத வருடங்களிலும் அது சும்மா கிடந்ததா? இந்தக் கூட்டத்தில் இருக்கிற பாதிப் பேர் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடியவர்கள்தானே? அங்கே இரண்டு பேர் சிரிக்கிறார்கள் பாருங்கள். தைப்பூசத்துக்குத் தெப்பம், தண்ணீர் இல்லாவிட்டால் டென்னிஸ் பந்து. இரண்டுக்கும் இடம் கொடுத்தது அந்தக் காலி இடம்.

நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவன், ஒரு கணக்கையாவது சொல்லாவிட்டால் என் மாணவர்கள் கோபித்துக்கொள்வார்கள். லாரிக்கு அடியில் எஞ்சின் சுற்றை பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் உள்ளே காலியான குழாய். ஏன்? முறுக்கும்போது பாரத்தைச் சுமப்பது வெளி ஓரத்து இரும்பு. நடு மையத்து இரும்பு கல்யாண வீட்டில் வேலை செய்கிற மாதிரி அலைந்துகொண்டிருக்கும் மாமாவைப் போல. வேலை அவரிடம் நடப்பதே இல்லை. கெட்டிக் கம்பி ஒன்றின் நடுவே, அதன் விட்டத்தில் பாதி அளவுக்குத் துளை போட்டுவிட்டால் எடையில் 4-இல் 1 பங்கு குறையும். முறுக்கைத் தாங்கும் பலத்தில் குறைவது 16-இல் 1 பங்குதான். ஹாலோ பிளாக் வைத்து வீடு கட்டியவர்களைக் கேளுங்கள், சித்திரை வெயிலில் அந்தக் காற்று இடைவெளி எவ்வளவு உதவுகிறது என்று சொல்வார்கள்.

நடுவர் மணி அடிக்கிறார். ஐயா, உங்கள் மணி எங்கள் கட்சி, நினைவிருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள், சொற்களுக்கு வந்துவிட்டேன்.

எதிரணித் தலைவர் பலமாக அடித்தது இங்கேதான். வெற்று வாக்குறுதியால் நாம் பட்ட பாட்டைச் சொன்னார். தெற்காவணி மூல வீதியில் கெட்டி வளையலுக்கு இருக்கிற மரியாதை உள்ளே ஒன்றுமில்லாத வளையலுக்கு உண்டா என்றார். வள்ளுவர் 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே வைத்தார் என்றார். மூன்றும் நல்ல அடிகள்.

வளையலை முதலில் எடுக்கிறேன். உள்ளே காலியான வளையலைக் காலி என்று சொல்லி, இருக்கிற தங்கத்துக்கு மட்டும் விலை போட்டு விற்றால் அதில் என்ன மோசடி? நாலு பவுன் போட முடியாத தகப்பன் அதே தோற்றத்தில் இரண்டு பவுனில் மகள் கையை நிறைக்கிறான். மோசடி எப்போது வருகிறது? உள்ளே அரக்கை அடைத்து, அதையும் தங்கத்தின் எடையோடு சேர்த்து நிறுத்து விற்கும்போது. அதாவது, காலியானதற்குக் கெட்டி வேஷம் போடும்போது. வாக்குறுதியும் அப்படித்தான். "முடிந்தால் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்யாதவன் மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. "எழுதி வச்சுக்கங்க, தலையை அடமானம் வைத்தாவது தருகிறேன்" என்று நெஞ்சில் அடித்துச் சொன்னவன்தான் ஏமாற்றுகிறான். அவன் பேச்சில் காலி இடம் ஒரு பொட்டுகூட இல்லையே!

வள்ளுவர் அந்த அதிகாரத்தில் வைத்த அளவுகோல் பயன். உள்ளே செய்தி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, பயன் இருக்கிறதா என்று கேட்டார். காலையில் தெருவில் எதிரே வருகிறவர், "என்ன மாமா, சாப்பிட்டாச்சா?" என்கிறார். இதில் செய்தி ஏதாவது உண்டா? கெட்டியாகப் பதில் சொல்லிப் பாருங்கள். "நாலு இட்லி மாப்பிள்ளை, சாம்பாரில் புளி தூக்கல், ஐந்தாவதை வைத்தார்கள், வேண்டாம் என்றேன்." மறுநாள் அவர் அடுத்த சந்து வழியாகப் போய்விடுவார். அந்தக் கேள்விக்குள் ஒன்றும் இல்லாததால்தான் எது வேண்டுமானாலும் அதற்குள் போகிறது. உடம்பு முடியாதவர் உடம்பைச் சொல்லலாம். மகன் வேலை போன கவலையில் இருப்பவர் பெருமூச்சு விடலாம். போன வாரம் வாய்க்கால் தகராறில் முறைத்துக்கொண்டவர் "ம், ஆச்சு" என்று சொல்லி, சமாதானத்துக்கு ஒரு படி இறங்கி வரலாம்.

துக்க வீட்டில் பார்த்திருப்பீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும், எந்த மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்று கெட்டியான விஷயங்களை அடுக்குவார். அத்தனையும் உண்மையாகவே இருக்கும். அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்புறம் ஒரு கிழவி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "என்னத்தடி சொல்ல..." என்பாள். அவ்வளவுதான். அந்த அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுவார். முன்னவர் பேச்சில் அவர் நுழைய இடம் இல்லை. கிழவி ஒன்றும் சொல்லாமல் இடம் விட்டாள்.

நம் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள். பேரில் 15 தூண் காலி. பேரைத் திருத்தச் சொல்லி இதுவரை யாரும் மனு கொடுத்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு வழக்கு. இந்த ஊர் நீதிமன்றத்தில் நடந்தது, சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. இரண்டு சிலம்புகள். ஒன்று பாண்டிமாதேவியுடையது, இன்னொன்று கண்ணகியுடையது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாத வேலைப்பாடு. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலன் கையில் இருந்ததைக் காட்டி "இதுதான் அது" என்றான். பாண்டியன் கட்டளை போட்டான். விசாரிக்க, எதிர்த்துக் கேட்க, ஒரு நொடி யோசிக்க அந்தக் கட்டளையில் சந்தே இல்லை. எதிரணிக்கு ரொம்பப் பிடித்திருக்க வேண்டிய கெட்டியான சொல். ஓர் உயிர் போனது.

கண்ணகி அரசவைக்கு வந்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். வாதம் அவ்வளவு சுருக்கமாக முடிந்ததற்குக் காரணம், சிலம்பு உள்ளே குழலாக இருந்தது. அங்கே எதிரணியில் துள்ளுகிறார்கள், "உள்ளே மாணிக்கம் இருந்ததே, அது எப்படி வெற்றிடம்?" என்று. தம்பி, மாணிக்கத்தை இடைவெளி இல்லாமல் திணித்திருந்தால் சிலம்பு ஒலிக்குமா? பரல் உருள இடம் இருந்தால்தான் சத்தம் வரும். அந்த இடம் இருந்ததால்தான் முத்தா மாணிக்கமா என்ற கேள்வியே எழுந்தது. கண்ணகி உடைத்தாள். மாணிக்கம் தெறித்து அரசனின் வாய்ப் பக்கம் போய் விழுந்தது. முத்து வரவில்லை. அவன் தானே கள்வன் என்று சொல்லி அரியணையில் விழுந்து இறந்தான்.

அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணன் இசைத்தூணுக்குப் பதில் சொல்ல வேண்டாம், லாரிக்குப் பதில் சொல்ல வேண்டாம். எனக்கு இந்த ஒன்றுக்கு மட்டும் விடை வேண்டும். அந்த இரண்டு சிலம்பும் உள்ளே காலி இல்லாத கெட்டித் தங்கமாக இருந்திருந்தால், கண்ணகி அன்றைக்கு எதைக் காட்டி வழக்கை வென்றிருப்பாள்? நன்றி, வணக்கம்.