சி டிரைவில் துண்டு விழுந்த 42 ஜிபி

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்ங்க. திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான். பாதி நாள் பனியன் கம்பெனிகளின் டிசைன் அறையில்தான் போகும்.

போன மாதம் அவிநாசி ரோட்டில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்குப் போனேன். "ஏனுங்க தம்பி, டிசைனையெல்லாம் டி டிரைவுக்கு மாத்தியாச்சு. இன்னும் சி டிரைவ் ஃபுல்லுன்னே வருதுங்க. வைரஸுங்களா?" என்றார் முதலாளி. புது டிஸ்க் வாங்கும் யோசனையில் இருந்தார்.

ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் 104 ஜிபி செலவாகியிருந்தது. உள்ளே போய் எல்லா ஃபோல்டரையும் தேர்வு செய்து கூட்டினால் 62 தான் வந்தது. 42 ஜிபி துண்டு விழுந்தது.

500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் 465 என்று காட்டுகிறதே, அதுவா என்று சிலர் கேட்பீர்கள். அது எண்ணும் முறையால் வருவது. டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இங்கே சங்கதி வேறு. நாம் கூட்டியது கண்ணுக்குத் தெரிந்ததையும், விண்டோஸ் நம்மைத் திறக்க விட்டதையும் மட்டும்தான்.

எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினேன். பேஜ்ஃபைல் 8 ஜிபி. ரேம் பற்றாதபோது விண்டோஸ் சாய்ந்துகொள்ளும் இடம் அது, அதில் கை வைக்காதீர்கள். ஹைபர்னேட் ஃபைல் 6 ஜிபி. திறந்திருக்கும் வேலையை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்து கம்ப்யூட்டர் அணைவதற்கான இடம் அது. ராத்திரி கம்ப்யூட்டரை முழுசாக அணைப்பவர்களுக்கு அது தேவையில்லை. அதை நீக்க, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் எச்சும், மறுபடி இடைவெளி, ஆஃப். வானொலியில் கமாண்ட் சொல்வது சிரமம்தானுங்க! இதைச் செய்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் நின்றுவிடும், கம்ப்யூட்டர் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமாகும்.

இன்னொரு 18 ஜிபி அந்த மென்பொருளுக்கே பிடிபடவில்லை, 'தெரியாதது' என்று காட்டியது. ரீஸ்டோர் பாயிண்டுகள் அவை, பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் பதிவுகள். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டர் தட்டினாலும் கதவு திறக்காது. ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தேடி, கான்ஃபிகர் பொத்தானை அழுத்தினால் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். அங்கே உள்ள அளவுகோலைக் குறைத்தால் பழையவை கழியும். அடியோடு நிறுத்திவிட வேண்டாம். அப்டேட் கோளாறானால் திரும்பி வர அதுதான் வழி.

மிச்சம் 10 ஜிபி. அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாயிற்று. வேலையை விட்டுப் போன ஒரு டிசைனரின் லாகின் அப்படியே இருந்தது. ஒவ்வொரு லாகினுக்கும் ரீசைக்கிள் பின் தனி. முதலாளி தன்னுடையதைத் தினமும் காலி செய்கிறார், அந்தப் பையனுடையது அப்படியே கிடக்கிறது. அவன் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது, நல்ல வேளை.

உள்ளே போனதும் அழித்துவிடச் சொன்னார். பார்த்துவிடலாம் என்றேன். போன வருஷம் போன ஒரு ஆர்டரின் கலர் பிரிப்பு ஃபைல்கள் நான்கு அதில் கிடந்தன. அதே பார்ட்டி இப்போது ரிப்பீட் கேட்டிருக்கிறார்களாம். அவற்றைப் பென் டிரைவில் எடுத்த பிறகுதான் அந்த ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யவிட்டார்.