தண்ணீர் மட்டும் கேளுங்கள்

வணக்கம். தபால் ஆபீஸ் கவுன்ட்டருக்குப் பின்னால் 32 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். உட்கார்ந்தே கிடந்ததாலோ என்னவோ, நாலு நாள் லீவு சேர்ந்தால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவேன். பெரும்பாலும் சேர்வராயன் மலைதான். சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலை, ஏற்காடு இருக்கிற மலை. பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவும் ஒரு தூக்கத்தில் முடிந்துவிடும். நடந்தால்தான் அது எவ்வளவு பெரிய மலை என்று முழங்காலுக்குத் தெரியும்.

எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

தைப்பூசத்துக்கு எடப்பாடிப் பக்கத்திலிருந்து பழனிக்குக் காவடியோடு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே போய் டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்கிற கூட்டம். அந்த மாதிரி நடைக்குச் சோற்றுக் கவலை கிடையாது. அரிசி மூட்டை வண்டியில் வரும், வழியெல்லாம் மோரும் அன்னதானமும் இருக்கும். நான் சொல்வது வேறு. அதே சாலையில் ஐப்பசி மாதம், மாலையும் இல்லாமல் காவியும் கட்டாமல், ஒற்றை ஆளாகப் பை சுமந்து நடந்து பாருங்கள். நாய்தான் முதலில் வரவேற்கும். பின்னாலேயே ஒருவர் வந்து, "யாருங்க, எங்க போறீங்க?" என்பார்.

அவர் மேல் தப்பில்லை. பிள்ளை பிடிக்கிறவன் என்று என்னையே ஓர் ஊரில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைப்பாதை என்று ஒன்று, 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். நடக்கிறவருக்கு நாளைக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ உணவு வேண்டும். மொத்தத்தையும் யார் சுமப்பது? நாலைந்து நாளைக்கு ஒருமுறை மலையை விட்டு ஏதாவது ஊருக்குள் இறங்கி வாங்கிக்கொள்கிறார்கள். சிலர் கிளம்பும் முன்பே பெட்டிகளில் உணவைக் கட்டி, வழியில் உள்ள தபால் ஆபீஸ்களுக்குத் தங்கள் பெயருக்கே அனுப்பிவிடுகிறார்கள். அங்கே போய் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. தபால்காரன் காதில் விழ வேண்டிய செய்தியா இது! இங்கேயும் செய்து பார்ப்பது என்று முடிவு கட்டினேன். கிலோ கணக்கு பார்த்து அவல், பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, துணி சுற்றித் தைத்து, அரக்கு வைத்து, மலை மேல் ஒரு கிளை அஞ்சலகத்துக்கு என் பெயருக்கே அனுப்பினேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு வீட்டு முன்னறையில் நடக்கிற சின்ன ஆபீஸ்.

குப்பனூர் வழியாக ஏறினேன். கொட்டச்சேடு தாண்டி காபித் தோட்டங்களுக்கு நடுவே நடந்து, மூன்றாம் நாள் மத்தியானம் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்தான் மிச்சம். கதவில் பூட்டு. பூட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தது.

ஆயுத பூஜை! அன்றைக்கு விஜயதசமி, மறுநாள் ஞாயிறு. ஒவ்வொரு வருடமும் தராசுக்கும் தேதி முத்திரைக்கும் என் கையால் பொட்டு வைத்தவன் நான். அந்த வருடம் பார்சல் நினைப்பிலேயே பண்டிகையை மறந்துவிட்டேன். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் என் பெட்டி தெரிகிறது. அரக்கு கூடத் தெரிகிறது. எட்டாது.

அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். போய், "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். சொம்பைக் கொடுத்துவிட்டு, "எந்த ஊரு சாமி?" என்றார். சொன்னேன். பார்சல் கதையையும் சொன்னேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். "சோத்தைப் பூட்டி வெச்சுட்டு வெளிய நிக்கறியா?" என்றவர் உள்ளே போய், கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். கிளம்பும்போது ஒரு தூக்குப்போசி நிறைய முந்தின நாள் பூஜைப் பொரி, பொட்டுக்கடலை, உடைத்த வெல்லம். ஜன்னலுக்கு உள்ளே பெட்டியில் இருப்பதும் ஏறக்குறைய அதேதான்!

அதனால்தான் சொல்கிறேன், தண்ணீர் மட்டும் கேளுங்கள். சோறு கேட்டால், வீட்டில் இல்லாதவர்கள் சங்கடப்படுவார்கள். தண்ணீர் இல்லை என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். சொம்பு கைக்கு வந்ததும் "எந்த ஊரு" வரும். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லாதீர்கள். ஊர், தெரு, வேலை, எத்தனை பிள்ளைகள், எல்லாம் சொல்லுங்கள். கேட்கிறவர் மனதில் நீங்கள் ஆள் ஆவது அப்போதுதான்.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. ஆனால் தூக்குப்போசி என் கையில் இருக்கிறதே! பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது இல்லையா? சேலம் வந்ததும் அதில் தட்டுவடையை அடுக்கி, அதே கிளை அஞ்சலகத்துக்குப் பார்சல் போட்டேன். பாதி நொறுங்கித்தான் போயிருக்கும். என் பெட்டி என்ன ஆயிற்று என்கிறீர்களா? பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. தையல் ஓட்டை வழியாக எறும்பு வரிசை, மலையிலிருந்தே கூட வந்த மாதிரி.

அந்த அமெரிக்கப் பாதையை 1955-இல் எம்மா கேட்வுட் என்று ஒரு அம்மா தனியாக நடந்து முடித்தார். வயது 67, பதினோரு பிள்ளைகளின் தாய். வீட்டில் தைத்த ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கேன்வாஸ் ஷூவில் கிளம்பியவர். வழியில் முன்பின் தெரியாத பலர் சோறும் இடமும் கொடுத்தார்கள், சிலர் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினார்கள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். எனக்குப் பிடித்தது அந்த அடுத்த வீடுதான்.

நமக்கும் இது புதிதில்லை. ஆற்றுப்படை என்று பழைய இலக்கியத்தில் ஒரு வகையே இருக்கிறது. பரிசு வாங்கித் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனிடம், இந்த வழியாகப் போ, அங்கே இருப்பவர்கள் இன்ன சோறு போடுவார்கள் என்று சொல்லி அனுப்புவது. நாகலூர்ப் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவர் எனக்குச் செய்ததும் அதுதான். பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது. இரண்டு கல் நிற்க, மேலே ஒரு கல் குறுக்கே. ஒருமுறை முதுகுப் பையை அதன் மேல் சாய்த்துப் பார்த்தேன். குனியாமல், இன்னொருவர் உதவி இல்லாமல் கழற்றலாம், அதே போல மாட்டலாம். அளவு அவ்வளவு கச்சிதம். அதை நட்டவர்கள்...

அடடா, ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். பையில் என்ன வைப்பது என்று ஒரு தாளே எழுதி வந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாளுக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிசோறு, வாழை இலையில். அப்புறம் அவல், தண்ணீரில் நனைத்தால் போதும், அடுப்பு வேண்டாம். ஏழை வீட்டில் சாப்பிட நேர்ந்தால் இரண்டாம் முறை வாங்காதீர்கள். சில்லறை வைத்துக்கொண்டு ஊர்ப் பெட்டிக்கடையில் ஏதாவது வாங்குங்கள். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அப்புறம் குரங்கு... குரங்கைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை. பை ஜிப்பை மட்டும் இழுத்து மூடி வையுங்கள். வணக்கம்.